ரிங்கோ ஸ்டாரின் லட்விக் டிரம் செட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிரம்ஸ் சொல்லிக்கொடுப்பது என் தொழில். வகுப்பு நடக்கும் அறையின் சுவரில் பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் படம் ஒன்று மாட்டியிருக்கிறேன். முன்னால் மூன்று பேர் கிடாரோடு நிற்க, பின்னால் உயரமான மேடையில் டிரம்மர் ரிங்கோ உட்கார்ந்திருப்பார். அவருக்கு முன்னால் கறுப்பும் சாம்பலுமாக அலை ஓடும் சின்ன லட்விக் டிரம் செட். சேர வருகிற பிள்ளைகள், கூட வருகிற அப்பாமார்கள், மேடைக் கச்சேரிகளில் வாசிக்கும் நண்பர்கள் என்று எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஏறக்குறைய அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை எழுதி, தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

சார், ரிங்கோ பீட்டில்ஸ்ல முதல்லேர்ந்தே இருந்தவரா?

இல்லை. ரிச்சர்ட் ஸ்டார்க்கி என்ற இயற்பெயருடைய ரிங்கோ 1940 ஜூலை 7 அன்று லிவர்பூலில் பிறந்தார். சிறுவயதில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் கழிந்தது. காசநோய்க்காக நீண்ட நாள் படுத்திருந்தபோது, நோயாளிப் பிள்ளைகளுக்காக அங்கே நடத்திய வாத்தியக் குழுவில்தான் அவருக்குத் தாளத்தில் பிடிப்பு வந்தது. 1957 கிறிஸ்துமஸுக்கு வளர்ப்புத் தந்தை ஹாரி கிரேவ்ஸ் ஒரு பழைய டிரம் செட் வாங்கிக்கொடுத்தார். பிறகு ரோரி ஸ்டார்ம் அண்ட் தி ஹரிகேன்ஸ் குழுவில் வாசித்து லிவர்பூலில் பெயர் எடுத்தார்.

பீட்டில்ஸில் அவருக்கு முன் பீட் பெஸ்ட் வாசித்தார். அவரை விலக்கிவிட்டு 1962 ஆகஸ்டில் ரிங்கோவைச் சேர்த்தார்கள். லட்விக் செட் வந்து சேர அதற்குப் பிறகும் ஒன்பது மாதம் ஆனது. இந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் ஒரு கேள்விக்கு இதுதான் விடை.

அந்தச் செட்ல மொத்தம் நாலே நாலு டிரம்தானா?

ஆமாம். காலால் மிதித்து அடிக்கும் பேஸ் டிரம், மடிக்கு முன்னால் ஸ்நேர், பேஸ் டிரம் மேல் மாட்டிய சின்ன டாம், வலப்பக்கம் தரையில் கால் ஊன்றி நிற்கும் ஃப்ளோர் டாம். இதோடு ஹை-ஹாட்டும் (காலால் மூடித் திறக்கும் ஜோடி உலோகத் தட்டு) இரண்டு சிம்பலும் (தனித் தட்டு). இன்றைக்கு நம் மேடைகளில் ஆறு டாம், எட்டு டாம் வைத்து வாசிக்கிறவர்களுக்கு இது ஏழைச் செட்டாகத் தெரியலாம். பீட்டில்ஸ் சுற்றுப்பயணம் போன காலம் முழுக்க அவர் வாசித்தது இப்படி நாலு டிரம் உள்ள செட்டில்தான்.

அளவும் சின்னது. லட்விக் பட்டியலில் டவுன்பீட் என்ற பெயரில் இருந்த மாடல் அது. பேஸ் டிரம் 20 அங்குல விட்டம், 14 அங்குல ஆழம். சின்ன டாம் 12-க்கு 8. ஃப்ளோர் டாம் 14-க்கு 14. சின்ன ஜாஸ் குழுக்களில் வாசிக்கிறவர்கள் தூக்கிக்கொண்டு போக வசதியாகச் செய்த அளவுகள் இவை. ஸ்நேர் வேறு வகை, அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

லட்விக்னா ஜெர்மன் கம்பெனியா?

பெயர் ஜெர்மன் குடும்பத்துப் பெயர், கம்பெனி அமெரிக்காவினுடையது. வில்லியம் லட்விக்கும் தம்பி தியோபால்டும் 1909-இல் சிகாகோவில் தொடங்கியது. வேகமாக அடிக்க வசதியான பேஸ் டிரம் பெடல் ஒன்றைச் செய்ததுதான் அவர்கள் தொழிலுக்கு அடித்தளம். 1930 வாக்கில் கம்பெனியும் பெயரும் கான் நிறுவனத்திடம் போய்விட்டன. வில்லியம் 1937-இல் தன் பெயரின் முதலெழுத்துகளை வைத்து டபிள்யூ.எஃப்.எல். என்று புதிதாகத் தொடங்கினார். தன் குடும்பப் பெயரைத் திரும்ப விலைக்கு வாங்க 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரிங்கோவின் பேஸ் டிரம்மில் அந்தப் பெயரை உலகமே பார்த்தபோது, அது வீடு திரும்பி ஒன்பது ஆண்டுதான் ஆகியிருந்தது.

அதுக்கு முன்னாடி என்ன செட் வாசிச்சாரு?

பிரீமியர். இங்கிலாந்திலேயே செய்தது, செம்மரப் பழுப்பு நிறம். ரோரி ஸ்டார்ம் குழுவில் இருந்தபோதே வாங்கியது, பீட்டில்ஸுக்கு வந்தபோது அதையும் கூடவே கொண்டுவந்தார். நல்ல செட்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்றைய பிரிட்டிஷ் இளைஞர்களுக்கு அமெரிக்க வாத்தியம் என்றால் தனி மயக்கம். போருக்குப் பிறகு 1950-களின் இறுதிவரை அமெரிக்க வாத்தியங்களை இறக்குமதி செய்யக் கடும் தடை இருந்தது. ரெக்கார்டில் கேட்கிற சத்தம் கண்ணால் பார்க்கக் கிடைக்காத காலம். தடை நீங்கிக் கடைகளுக்கு அந்தச் சரக்கு வந்தபோது, வாசிக்கிறவர்கள் எல்லோர் கண்ணும் அங்கேதான் போனது.

லட்விக் செட்டை எங்கே, எப்போ வாங்கினாங்க?

லண்டன் ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் டிரம் சிட்டி என்றொரு கடை. டிரம்ஸ் மட்டுமே விற்கும் கடை. உரிமையாளர் ஐவர் ஆர்பிட்டர். 1963 ஏப்ரலில் பீட்டில்ஸின் மேனேஜர் பிரையன் எப்ஸ்டைன் ரிங்கோவைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்தார். அந்தச் சமயம் லிவர்பூல் பையன்களின் பெயர் லண்டன் கடைக்காரர்களுக்குப் பெரிதாகப் பழக்கமில்லை. ஆர்பிட்டருக்கு அப்போதுதான் லட்விக் விற்கும் உரிமை கிடைத்திருந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ரிங்கோ லட்விக்கைத் தேர்ந்தெடுத்த விதம். ஆர்பிட்டர் பின்னாளில் சொன்னபடி, மேசை மேல் டிரம்மில் ஒட்டும் உறைகளின் வண்ண மாதிரிகள் கிடந்தன. அதில் ஒன்று ரிங்கோவின் கண்ணில் பட்டது. அந்த நிறத்தில் எது இருக்கிறது என்று கேட்டார், லட்விக்கில் இருந்தது. சத்தத்தை ஒப்பிட்டுப் பார்த்து, அளவைக் கணக்குப் போட்டு எடுத்த முடிவு அல்ல. நிறத்தில் தொடங்கியது. அமெரிக்கச் செட் என்பது அந்த ஆசையை உறுதியாக்கியது. இருபத்திரண்டு வயது வாத்தியக்காரர் ஒருவர் கடையில் நிற்கும்போது நடப்பது இதுதான். நானும் என் முதல் செட்டை நிறத்தைப் பார்த்துத்தான் எடுத்தேன்.

1963 மே 12 அன்று கடையில் வேலை பார்த்த ஜெரி எவன்ஸ் புதுச் செட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு பர்மிங்ஹாம் போனார். பீட்டில்ஸ் அங்கே ஒரு டிவி நிகழ்ச்சிக்காக வந்திருந்தார்கள். செட்டைப் பூட்டிக் கொடுத்துவிட்டு, பழைய பிரீமியரை ஏற்றிக்கொண்டு திரும்பினார்.

ஃப்ரீயா கொடுத்தாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

அந்தச் செட்டின் கடை விலை 238 பவுண்டு. அன்றைய இங்கிலாந்தில் சாதாரண வேலையில் இருந்தவர் பல மாதம் சேர்த்தால்தான் வாங்க முடிகிற தொகை. எப்ஸ்டைன் குடும்பமே வியாபாரக் குடும்பம், பேரம் பேசாமல் விடுவாரா? பிரீமியரைக் கொடுத்து மாற்றிக்கொள்வது என்று முடிந்தது. கடை அந்தப் பிரீமியரைத் துடைத்துச் சரிபார்த்து, சாதாரணப் பழைய செட்டாக விற்றுவிட்டது.

லட்விக் கம்பெனிக்கு இந்தக் கொடுக்கல் வாங்கலில் பங்கே இல்லை. ரிங்கோவோடு ஒப்பந்தம் போட்டுப் பிடித்த விளம்பரம் அல்ல அது. சிகாகோவில் இருந்தவர்களுக்குப் பீட்டில்ஸ் என்றால் யார் என்று தெரியவே அதன் பிறகு பல மாதம் ஆனது.

அந்தக் கறுப்பு டிசைன் பெயிண்ட்டா?

பெயிண்ட் இல்லை, செல்லுலாய்ட் தகடு. ஆய்ஸ்டர் பிளாக் பேர்ல் என்பது அந்த வண்ணத்தின் பெயர். சிப்பியின் உள்பக்கத்தை வெயிலில் திருப்பினால் ஒரு பளபளப்பு ஓடுமே, அதைக் கறுப்பில் நினைத்துப் பாருங்கள். மரச் சட்டத்தின் மேல் தகட்டைச் சுற்றி ஒட்டியிருப்பார்கள். கறுப்பு வெள்ளை டிவியில் இது அற்புதமாக எடுபட்டது. வேறு நிறமாக இருந்திருந்தால் அந்தத் திரையில் வெறும் சாம்பலாகப் போயிருக்கும், இதில் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. கிடார், சூட், முடி, டிரம் செட் என்று மேடை முழுக்க ஒரே கறுப்பு வெள்ளைப் பொருத்தம் அமைந்துவிட்டது.

பேஸ் டிரம் மேல "பீட்டில்ஸ்"னு எழுதினது யாரு?

அதே டிரம் சிட்டியில்தான் பிறந்தது. பெயரின் முதலெழுத்தான பி-யைப் பெரிதாக்கி, நடுவில் வரும் டி-யின் காலைக் கீழே நீட்டி ஆர்பிட்டர் கிறுக்கிக் காட்டினார். பெயருக்குள் ஒளிந்திருக்கும் பீட் என்ற சொல், அதாவது தாளம், கண்ணில் படும்படி அமைந்தது. எடி ஸ்டோக்ஸ் என்ற பெயர்ப்பலகை ஓவியர் அதைப் பேஸ் டிரம்மின் முன்தோலில் எழுதினார். கூலி 5 பவுண்டு. இன்றுவரை அந்தக் குழுவின் முத்திரை அதுதான்.

அதே தோலில் மேலே லட்விக் என்ற பெயரும் இருக்கும். கம்பெனிப் பெயர் எதற்கு என்று எப்ஸ்டைன் தயங்கியதாகவும், அமெரிக்கச் செட் என்று ஊருக்குத் தெரியட்டும் என ரிங்கோ விடாப்பிடியாக நின்றதாகவும் சொல்லப்படுகிறது. ரிங்கோவின் குணத்துக்குப் பொருந்துகிற கதை.

முதல் ஆல்பத்துல கேட்கிறது இந்தச் செட்தானே? எங்க மாஸ்டர் அப்படித்தான் சொன்னார்.

இல்லை. தேதிகளைப் பாருங்கள். 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' ஆல்பத்தின் பெரும்பகுதி 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பதிவானது. லட்விக் கைக்கு வந்தது மே 12. ஆகவே அந்த ஆல்பத்தில் ரிங்கோ வாசிக்கும் இடங்களில் கேட்பது பிரீமியர். 'ஃப்ரம் மீ டு யூ' பாட்டும் மார்ச்சில் பதிவானதால் அதுவும் பிரீமியர்தான்.

'லவ் மீ டூ' இன்னும் சிக்கல். 1962 செப்டம்பர் 4 அன்று ரிங்கோ வாசித்த பதிவு ஒன்று. தயாரிப்பாளர் தரப்புக்குத் திருப்தி இல்லாததால், செப்டம்பர் 11 அன்று ஆண்டி வைட் என்ற ஸ்டுடியோ டிரம்மரை அழைத்து மறுபடி எடுத்தார்கள். அதில் ரிங்கோ தம்புரின் மட்டும் தட்டினார். முதலில் வந்த சிங்கிளில் ரிங்கோ பதிவு, ஆல்பத்தில் ஆண்டி வைட் பதிவு. தம்புரின் கேட்டால் டிரம்ஸ் ரிங்கோ இல்லை என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

லட்விக்கை முதலில் கேட்க வேண்டுமென்றால் 1963 ஜூலை 1 அன்று பதிவான 'ஷி லவ்ஸ் யூ' போடுங்கள். பாட்டு தொடங்கும் முன் டாமில் ஒரு சிறு உருட்டல் விழும். அடுத்து, பாதி திறந்த ஹை-ஹாட் பாட்டு முழுக்க இரைந்துகொண்டே இருக்கும். அக்டோபரில் பதிவான 'ஐ வாண்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்' பாட்டும் இதே செட்.

எட் சல்லிவன் ஷோல வாசிச்ச செட்தான் கோடிக்கணக்குல ஏலம் போச்சா?

அதிகம் பேர் தவறாகச் சொல்வது இந்த இடத்தில்தான். ஏலம் போன செட் வேறு, எட் சல்லிவனின் அமெரிக்க டிவி நிகழ்ச்சியில் இருந்த செட் வேறு.

1964 பிப்ரவரியில் அமெரிக்கா போனபோது முழுச் செட்டையும் விமானத்தில் கொண்டுபோகவில்லை. ஸ்நேர், சிம்பல்கள், பெயர் எழுதிய பேஸ் டிரம் தோல், இவ்வளவுதான் கூடப் போனது. நியூயார்க்கில் மேனிஸ் மியூசிக் என்ற பெரிய கடையிலிருந்து அதே நிறம், அதே அளவில் புது டவுன்பீட் செட் ஒன்று வந்து காத்திருந்தது. கொண்டுபோன தோலை அதில் மாட்டினார்கள். பிப்ரவரி 9 இரவு சுமார் 7 கோடியே 30 லட்சம் அமெரிக்கர்கள் டிவியில் பார்த்தது அந்தப் புதுச் செட்டை. இரண்டும் அச்சில் வார்த்தது போல் இருப்பதால் படத்தைப் பார்க்கிறவர்களுக்கு ஒன்றாகவே தெரிகிறது.

இரண்டு நாள் கழித்து வாஷிங்டன் கொலிசியத்தில் கச்சேரி. குத்துச்சண்டை அரங்கம் மாதிரி நாலு பக்கமும் ஜனம். எல்லாப் பக்கமும் முகம் காட்ட வேண்டும் என்பதற்காக, சில பாட்டுகளுக்கு ஒருமுறை டிரம்ஸ் மேடையைக் கையால் தள்ளித் திருப்பினார்கள். ரிங்கோவும் இறங்கி வந்து சேர்ந்து தள்ளுகிறார். அந்தப் படச்சுருள் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. திருப்பிய கையோடு ஏறி உட்கார்ந்து அவர் அடிக்கிற அடியைப் பாருங்கள். மேடையில் அவர் வாசித்ததிலேயே அந்த இரவுதான் உச்சம் என்பேன்.

அப்போ மொத்தம் எத்தனை செட்டுதான் வெச்சிருந்தாரு?

பீட்டில்ஸ் காலத்தில் லட்விக் மட்டும் ஐந்து. முதல் இரண்டும் மேலே சொன்ன 20 அங்குல டவுன்பீட்கள். 1964 மே இறுதியில் வந்த மூன்றாவது செட் பெரியது, சூப்பர் கிளாசிக் மாடல். பேஸ் டிரம் 22 அங்குலம், டாம் 13, ஃப்ளோர் டாம் 16. நிறம் அதே கறுப்புச் சிப்பி. 1965-இல் அதே அளவில் நாலாவது. இந்தப் பெரிய செட்கள்தான் உலகச் சுற்றுப்பயணங்களுக்கும், 1965 ஆகஸ்ட் 15 அன்று நடந்த ஷே ஸ்டேடியம் கச்சேரிக்கும், 1966 ஆகஸ்டில் கேண்டில்ஸ்டிக் பார்க்கில் நடந்த கடைசிச் சுற்றுப்பயணக் கச்சேரிக்கும் போனவை. 1964 ஜூனில் ரிங்கோ டான்சில் வீங்கிப் படுத்தபோது, ஜிம்மி நிக்கல் என்ற டிரம்மர் சில நாள் அவர் இடத்தில் உட்கார்ந்து வாசித்தார். மெல்போர்னில் ரிங்கோ திரும்பி வந்து சேர்ந்துகொண்டார்.

அளவு ஏன் கூடியது என்றால், காரணம் ஜனத்தின் கூச்சல் என்பேன். டிரம்ஸுக்கு மைக் சரியாக இல்லாத காலம். தான் அடிப்பது தனக்கே கேட்காமல், முன்னால் நிற்கும் மூவரின் தலையும் உடம்பும் ஆடுவதைப் பார்த்துத்தான் பாட்டு எங்கே போகிறது என்று பிடித்துக்கொண்டதாக ரிங்கோ பலமுறை சொல்லியிருக்கிறார். மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு நிமிடம் நின்றாலே திணறிப்போகிற நமக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

ஐந்தாவது 1968-இல் வந்த ஹாலிவுட் செட். மரநிறம், மேலே இரண்டு டாம். 1969 ஜனவரி 30 அன்று லண்டன் சாவில் ரோ கட்டடத்தின் மொட்டை மாடியில் வாசித்தது இதில்தான்.

ஸ்நேர் பத்தி மட்டும் ஏன் தனியா பேசுறாங்க?

செட்கள் மாறிக்கொண்டே இருந்தன, ஸ்நேர் மாறவில்லை. ஜாஸ் ஃபெஸ்டிவல் என்ற மாடல், மரத்தால் ஆனது, 14 அங்குல விட்டம், ஐந்தரை அங்குல ஆழம். டவுன்பீட் செட்டோடு பட்டியலில் வருவது 4 அங்குல ஆழமுள்ள மெல்லிய ஸ்நேர். ரிங்கோ எடுத்தது அதைவிட ஆழமானது. 1963-இலிருந்து ஏறக்குறைய எல்லாப் பதிவிலும், எல்லா மேடையிலும் அதுவே இருந்தது. ஐந்தாவது செட் உலோக ஸ்நேரோடு வந்தபோதும் இதையே வைத்துக்கொண்டார்.

வாசிக்கிறவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. பேஸ் டிரம், டாம் எல்லாம் யார் செட்டிலும் சமாளிக்கலாம். விரல் நுனியில் எகிறுகிற எகிறல் தெரிந்த ஸ்நேரை யாரும் விட மாட்டார்கள். நம் ஊர் மிருதங்கக்காரர் மேடையில் இன்னொருவர் வாத்தியத்தை வாங்கி வாசிப்பாரா என்று யோசித்துப் பாருங்கள். முதல் செட்டை ஏலத்துக்கு அனுப்பியபோதும் ரிங்கோ இந்த ஸ்நேரைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டார்.

அவர் இடதுகைக்காரர்னு சொல்றாங்க. ஆனா செட்டை வலதுகைக்காரர் மாதிரிதானே வெச்சிருக்காரு?

பிறவியில் இடதுகை. பாட்டி அவரை வலதுகையால் எழுதப் பழக்கினார். செட்டும் வலதுகைக்காரர் வைக்கும் ஒழுங்கில்தான் இருந்தது. வலதுகைக்காரர் ஃபில் (பாட்டின் வரிகளுக்கு நடுவே இட்டு நிரப்பும் சிறு உருட்டல்) எடுக்கும்போது ஸ்நேர், டாம், ஃப்ளோர் டாம் என்று இடமிருந்து வலமாக ஓடுவார், வலக்கை முன்னால் போகும், வழி தடையில்லாமல் இருக்கும். ரிங்கோவுக்கு இடக்கை முன்னால் வரத் துடிக்கும். அது அடுத்த டிரம்முக்குப் போக வலக்கையைத் தாண்டியாக வேண்டும். அந்த இடத்தில் ஒரு நொடிப்பகுதி தாமதம் விழும்.

அந்தத் தாமதம்தான் ரிங்கோவின் ஃபில். உருண்டு ஓடாமல், ஒவ்வொரு அடியாக நின்று நிதானித்து இறங்கும். சின்ன செட் இதற்கு உதவியது என்பது என் கருத்து. டிரம்கள் நெருங்கி இருந்ததால் கை தாண்ட வேண்டிய தூரம் குறைவு. என் மாணவர்களுக்கு அவர் ஃபில்களைச் சொல்லிக்கொடுக்கும்போது இடக்கையில் தொடங்கச் சொல்வேன். முதலில் திணறுவார்கள், ஒரு வாரத்தில் சத்தம் தானாக வந்துவிடும்.

1966-க்கு அப்புறம் டிரம்ஸ் சத்தமே மாறிடுதே, புது செட்டா?

செட் அதேதான், ஸ்டுடியோவில் கையாண்ட விதம் மாறியது. 1966 ஏப்ரலில் ஜெஃப் எமரிக் என்ற இளம் ஒலிப்பதிவாளர் பொறுப்பேற்றார், வயது இருபதுதான். ஸ்டுடியோ விதிப்படி மைக்கை டிரம்முக்குத் தள்ளித்தான் வைக்க வேண்டும். அவர் விதியை மீறி மைக்கைக் கிட்டே கொண்டுபோனார். முன்தோலைக் கழற்றிவிட்டு, அங்கே கிடந்த நாலு கழுத்து வைத்த கம்பளி ஸ்வெட்டர் ஒன்றைப் பேஸ் டிரம்முக்குள் திணித்தார். அதுவரை 'பூம்' என்று நீண்ட சத்தம் 'தப்' என்று வயிற்றில் இடிக்கத் தொடங்கியது. 'டுமாரோ நெவர் நோஸ்' கேளுங்கள், புரியும். 'ரெயின்' பாட்டும் அதே மாதம் பதிவானது. வேகமாக வாசித்துப் பதிந்து, நாடாவை மெதுவாக ஓட்டி டிரம்ஸுக்குக் கனம் ஏற்றினார்கள். தன் வாசிப்பிலேயே சிறந்தது அதுதான் என்று ரிங்கோவே சொல்வார்.

1969-க்கு வந்தால் ஐந்தாவது செட், அதாவது ஹாலிவுட். டாம்களில் கன்றுத்தோல், அதன் மேல் பாத்திரம் துடைக்கிற துணி. 'கம் டுகெதர்' பாட்டில் மெத்தையில் அடிப்பது போல உருளும் டாம் சத்தம் அப்படி வந்தது. 'தி எண்ட்' பாட்டில்தான் பீட்டில்ஸ் பதிவுகளிலேயே அவருடைய ஒரே தனி ஆவர்த்தனம் இருக்கிறது. தனி வாசிக்கவே பிடிக்காதவரை மற்றவர்கள் வற்புறுத்தி வாசிக்க வைத்தார்கள்.

இதனால லட்விக் கம்பெனிக்கு என்ன கிடைச்சுது?

ஏராளம். சல்லிவன் நிகழ்ச்சிக்கு மறுநாளிலிருந்து அமெரிக்கப் பிள்ளைகள் கடைக்குப் போய் ரிங்கோ செட் வேண்டும் என்று நின்றார்கள். சிகாகோ தொழிற்சாலை இரவு பகலாக ஓடியது. 1964 செப்டம்பரில் பீட்டில்ஸ் சிகாகோ வந்தபோது, அப்போது கம்பெனியை நடத்திக்கொண்டிருந்த இரண்டாம் வில்லியம் லட்விக் தங்கமுலாம் பூசிய சூப்பர் சென்சிடிவ் ஸ்நேர் ஒன்றை ரிங்கோவுக்குப் பரிசாகக் கொடுத்தார். 2010-இல் ரிங்கோவுக்கு எழுபது வயது ஆனபோது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அதைக் காட்சிக்கு வைத்தது.

சார்ஜெண்ட் பெப்பர் அட்டைப்படத்துல இருக்கிற டிரம் எந்த செட்?

எந்தச் செட்டும் இல்லை. படத்துக்காக வைத்த பேஸ் டிரம்மின் தோல் அது. ஜோ எஃப்கிரேவ் என்ற ஓவியர் திருவிழாக் கடைப் பலகை பாணியில் வரைந்தது. 2008-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 5 லட்சத்து 41 ஆயிரம் பவுண்டுக்குப் போனது.

செட்டுக்கும் அந்த விலை, வெறும் தோலுக்கும் அந்த விலையா?

ஆமாம், கிட்டத்தட்ட சமம். 2015 நவம்பரில் ஜூலியன்ஸ் ஏல நிறுவனம், சல்லிவன் நிகழ்ச்சியில் மாட்டியிருந்த தோலை விற்றது. சுமார் 21 லட்சம் டாலர். அடுத்த மாதம் அதே நிறுவனம், ரிங்கோவும் அவர் மனைவி பார்பரா பாக்கும் கொடுத்த பொருள்களை ஏலம் விட்டது. அதில் 1963 மே மாதம் பர்மிங்ஹாமில் இறங்கிய முதல் செட் சுமார் 22 லட்சம் டாலருக்குப் போனது. 3 முதல் 5 லட்சம் டாலர் வரை போகும் என்றுதான் முன்கூட்டி மதிப்பிட்டிருந்தார்கள். அதில் இருந்தது பேஸ் டிரம்மும் இரண்டு டாம்களும் மட்டும். வருமானத்தில் ஒரு பகுதி அவர்களுடைய லோட்டஸ் அறக்கட்டளைக்குப் போனது. 200-க்கும் மேற்பட்ட மேடைகளிலும் 180-க்கும் மேற்பட்ட பதிவுகளிலும் ஒலித்த செட் என்று ஏல நிறுவனம் கணக்குச் சொன்னது.

இரண்டுமே இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் உரிமையாளர் ஜிம் இர்சேயின் சேகரிப்பில் சேர்ந்தன. அவர் 2025 மே மாதம் காலமானார். இரண்டில் எது பெரிது என்று கேட்டால் நான் செட்டைத்தான் சொல்வேன். தோலைக் கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள், ஆனால் 'ஷி லவ்ஸ் யூ'வில் ஒலித்தது இந்த மரம்.

பழைய லட்விக் ஒண்ணு விலைக்கு வருதுண்ணே. 1963 மாடல்னு சொல்றான். நம்பலாமா?

நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். தோலைக் கழற்றி உள்ளே பாருங்கள். அந்தக் காலத்து லட்விக் டிரம்மின் உடல் மூன்று அடுக்கு மரம், மேலும் கீழும் உள்பக்கமாக வலுவுக்கு மர வளையம் ஒட்டியிருக்கும், உள்ளே பெயிண்ட் அடித்திருக்கும். பல டிரம்களில் செய்த தேதி சிவப்பு முத்திரையாகக் குத்தியிருக்கும். முன்பக்கம் உலோகப் பட்டயம் இருக்கும், அதில் வரிசை எண் போடத் தொடங்கியது 1963 இறுதியில்தான். ஆகவே 1963 தொடக்கத்துச் செட் என்று சொல்லி எண்ணிட்ட பட்டயத்தைக் காட்டினால் சந்தேகப்படுங்கள். ரிங்கோவின் முதல் செட்டே எண் இல்லாத காலத்தைச் சேர்ந்தது.

அடுத்து ஓட்டைகளை எண்ணுங்கள். டாம் பிடிப்பான், சிம்பல் கம்பி என்று பின்னாளில் மாற்றியவர்கள் புது ஓட்டை போட்டிருப்பார்கள். உறைத் தகட்டைப் புதிதாக ஒட்டியிருக்கிறார்களா என்று பட்டயத்தின் ஓரத்தில் பாருங்கள், பட்டயத்தைப் பெயர்த்து மாட்டிய தடம் காட்டிக்கொடுத்துவிடும். பழைய செல்லுலாய்டில் வெள்ளைப் பகுதி மஞ்சளாகியிருக்கும், இணைப்பில் சுருங்கி விரிசல் விட்டிருக்கும். அதெல்லாம் குறை அல்ல, வயதுக்குச் சாட்சி.

அவ்வளவு பணம் இல்லை சார். என்கிட்ட இருக்கிற செட்ல அந்தச் சத்தம் வருமா?

பெரும்பகுதி வரும். 20 அல்லது 22 அங்குலப் பேஸ் டிரம் இருந்தால் போதும். மேலே மாட்டிய டாம் ஒன்றும் ஃப்ளோர் டாம் ஒன்றும் போதும். மற்றவற்றைக் கழற்றி ஓரமாக வையுங்கள். ஒற்றை அடுக்குப் பூச்சுத் தோல் போடுங்கள். 1963 சத்தத்துக்குத் தோலைச் சற்று இறுக்கிவிட்டு, துணி எதுவும் வைக்காமல் வாசியுங்கள். 1966 சத்தத்துக்கு முன்தோலைக் கழற்றிப் பழைய கம்பளியைத் திணியுங்கள். 1969 சத்தத்துக்குத் தோலைத் தளர்த்தி, டாம் மேலும் ஸ்நேர் மேலும் ஒரு பருத்தித் துண்டை விரியுங்கள்.

ஹை-ஹாட்டைக் குச்சியின் நுனியால் குத்தாமல், குச்சியின் உடம்பால் பக்கவாட்டில் வீசி அடியுங்கள். கிண்ணங்களை முழுக்க மூடாதீர்கள், காலை லேசாகத் தளர்த்தி வையுங்கள். ஃபில் வரும்போது இடக்கையில் தொடங்குங்கள். 'ஷி லவ்ஸ் யூ' பாட்டை ஹெட்போனில் போட்டு, கூடவே வாசித்துப் பாருங்கள்.